புனலை எப்போது நகர்த்துவது? பாடியிலிருந்து ஒரு கட்டுப்பாட்டுக் கணக்கு

(ஒலிபரப்பான அத்தியாயத்தின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை தேவையான இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)

இன்னிக்கு எடுத்துக்கிட்ட தலைப்பைப் புத்தகத்தில் பார்த்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும்: பல பரிமாணங்களில் சீரற்ற இயக்கத்தின் உகந்த கட்டுப்பாடு. கேள்வி என்னவோ ரொம்ப எளிமையானது. ஒரு பொருள் தன் போக்கில் இங்கேயும் அங்கேயும் அலையுது. அது நமக்கு ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிற்கணும். எப்போ தள்ளணும், எந்தப் பக்கம் தள்ளணும், எவ்வளவு தள்ளணும்? தள்ளாமலே விட வேண்டிய நேரம் எது? இவ்வளவுதான்.

இதை விளக்க எல்லாரும் விண்கலத்தையோ பங்குச் சந்தையையோ எடுப்பாங்க. நான் பாடியை எடுக்கப் போறேன். சென்னையின் மேற்கே, நூறடி சாலையும் திருவள்ளூர் நெடுஞ்சாலையும் சந்திக்கிற இடம், நான்கு இதழ் மேம்பாலம் இருக்கே, அந்தப் பாடிதான். பக்கத்தில் தேவாரம் பாடப்பட்ட திருவலிதாயம் கோயில். கோயிலைத் தேடிப் போறவங்ககூட, இறங்க வேண்டிய இடத்தை லூகாஸ் ஸ்டாப் என்று ஒரு தொழிற்சாலையின் பெயரால்தான் சொல்வாங்க. அந்த வட்டாரத்தின் அடையாளம் அது.

பாடியை எடுக்க இன்னொரு காரணம் இருக்கு. ஜப்பானில் 1951 முதல் தரத்துக்காக ஒரு விருது கொடுக்கறாங்க. டெமிங் பரிசு என்று பெயர். இந்தியாவில் அதை முதலில் வாங்கியது, 1998-ல், பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு. 2004-ல் லூகாஸ் டிவிஎஸ்ஸும் வாங்கியது. அந்தப் பரிசு யார் பெயரில் இருக்கோ, அந்த எட்வர்ட்ஸ் டெமிங் என்கிற அமெரிக்கப் புள்ளியியலாளர் தன் வகுப்புகளில் ஒரு சின்ன சோதனையைச் செய்து காட்டுவார். 1980-களில் வந்த அவருடைய ‘அவுட் ஆஃப் தி கிரைசிஸ்’ புத்தகத்திலும் அது இருக்கு. நம்ம தலைப்பு மொத்தமும் அந்தச் சோதனைக்குள் அடங்கியிருக்குன்னு நான் நினைக்கிறேன்.

ஒரு மேசை. அதில் ஒரு புள்ளி, அதுதான் இலக்கு. புள்ளிக்கு நேர் மேலே ஒரு புனல். நம்ம வீட்டில் மண்ணெண்ணெய் ஊத்த வெச்சிருந்த புனல் மாதிரியே ஒண்ணு. புனல் வழியா ஒரு கோலிக்குண்டைப் போடறோம். குண்டு சரியாகப் புள்ளியில் நிற்காது, உருண்டு கொஞ்சம் தள்ளி நிற்கும். நின்ற இடத்தைக் குறிச்சுக்கணும். அடுத்த குண்டு. இப்படி ஐம்பது குண்டு. மேசை ரெண்டு பரிமாணம் என்பதைக் கவனிங்க. கிழக்கு மேற்கு, வடக்கு தெற்கு ரெண்டு பக்கமும் பிசகும்.

முதல் விதி: புனலைத் தொடாதே. குண்டுகள் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டக் கூட்டமாக விழும். அந்தக் கூட்டத்தின் பரவலை ஒன்று என்று வெச்சுக்குவோம். பரவல் என்று நான் சொல்வது பிசகின் வர்க்க சராசரி.

ரெண்டாம் விதி: குண்டு மூணு சென்டிமீட்டர் கிழக்கே போச்சா? புனலை அது இருக்கிற இடத்திலிருந்து மூணு சென்டிமீட்டர் மேற்கே நகர்த்து. பொறுப்பான ஆள் செய்யற வேலை மாதிரிதான் தெரியும். என்ன ஆகும்? அடுத்த குண்டின் பிசகில் அதனுடைய சொந்தப் பிசகு ஒண்ணு இருக்கு. அதோட, போன குண்டின் பிசகைத் தலைகீழாகப் புனலுக்குக் கொடுத்தோமே, அதுவும் சேருது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ரெண்டு பிசகு. வர்க்க சராசரி ரெண்டு மடங்கு. தூரத்தில் பார்த்தால் கூட்டம் 41 சதவீதம் அகலமாகும். உழைச்சு உழைச்சு நாமே கெடுத்தோம்!

மூணாம் விதி: புனலை, இலக்கிலிருந்து அளந்து, குண்டு விழுந்ததற்கு நேர் எதிர்ப்பக்கம் வை. இது இன்னும் மோசம். குண்டு கிழக்கே, மேற்கே, கிழக்கே என்று ஊஞ்சல் மாதிரி ஆடி, ஒவ்வொரு ஆட்டத்திலும் அதிகமாக விலகும். நாலாம் விதி: குண்டு எங்கே விழுந்ததோ அங்கேயே புனலைக் கொண்டுபோ. இது சுத்தமான சீரற்ற நடை. நூறு குண்டுக்குப் பிறகு பரவல் நூறு மடங்கு. மேசையை விட்டே போயிடும். புதுசா வந்தவருக்கு, அவருக்கு முன்னாடி வந்தவர் வேலை கத்துக்கொடுக்கிறது இந்த நாலாம் விதிதான் என்று டெமிங் கிண்டலாகச் சொல்வார்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்றேன்னா, அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து பாடி வரை எத்தனையோ பட்டறைகளில் ரெண்டாம் விதிதான் ஓடுது. நான் போய் நின்று பார்த்த ஒரு சின்ன பட்டறையில் (பெயர் வேண்டாம்) சிஎன்சி லேத்தில் ஒரு தம்பி புஷ் கடைஞ்சுக்கிட்டிருந்தார். ஒவ்வொரு பீஸையும் மைக்ரோமீட்டரில் அளந்து, உடனே ஆஃப்செட் போடுவார். “எத்தனை மைக்ரான் ஓடுது தம்பி?” என்று கேட்டேன். “பத்து பன்னெண்டு ஓடுதுண்ணே, நான் விடறதில்ல, உடனே அடிச்சிடுவேன்.” அவருக்குப் பக்கத்து மெஷினில் இருந்த அண்ணன் ஆஃப்செட்டைத் தொடவே இல்லை. சூப்பர்வைசர் வந்தால் யாருக்குத் திட்டு விழும்னு நினைக்கிறீங்க? தொடாதவருக்குத்தான். “பீஸ் பத்து மைக்ரான் காட்டுது, கை கட்டிக்கிட்டு நிக்கிறியே?”

பணயம் இங்கேதான் இருக்கு. மெஷின் தானாக ஆடற ஆட்டத்துக்கு ஆபரேட்டரின் சம்பளத்தில் கை வைக்கறாங்க. அவரும் திட்டுக்குப் பயந்து ஆட்டத்தை ரெண்டு மடங்கு ஆக்கறார். அப்புறம் ரிஜெக்ஷன் ஏன் ஏறுதுன்னு எல்லாரும் சேர்ந்து மீட்டிங் போடறாங்க.

சரி, அப்போ தொடவே கூடாதா? அப்படியும் இல்லை. புனல் சோதனையில் புனல் தானாக நகராது, அதனால் முதல் விதி ஜெயிக்கும். நிஜ மெஷினில் புனலே நகரும். டூல் தேயும், ஸ்பிண்டில் சூடாகி நீளும், கூலன்ட் சூடு ஏறும். அளவில் தெரியற பிசகு ரெண்டு வகை கலந்தது: வந்து போகிற இரைச்சல் ஒண்ணு, கூடிக்கிட்டே போகிற நகர்வு இன்னொண்ணு. இரைச்சலுக்குத் தொடாமல் இருக்கணும், நகர்வுக்குத் தொட்டே ஆகணும். ஒரே ஒரு அளவைப் பார்த்து எது எதுன்னு பிரிக்க முடியாது. அப்போ என்ன செய்யறது? பங்கு போடணும்.

கணக்கைச் சொல்றேன், பயப்படாதீங்க. ஒரு பீஸுக்கும் அடுத்த பீஸுக்கும் நடுவில் மெஷின் உண்மையிலேயே நகர்வதின் பரவல், இரைச்சலின் பரவலில் இருபதில் ஒரு பங்குன்னு வைப்போம். இரைச்சல் பத்து மைக்ரான் என்றால், நகர்வு ஒரு பீஸுக்குச் சுமார் 2.2 மைக்ரான், எந்தப் பக்கமும் போகலாம். இந்த நிலைமையில் சிறந்த விதி இது: காணும் பிசகில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் திருத்து. பத்து மைக்ரான் காட்டினால் ரெண்டு மைக்ரான் ஆஃப்செட். அப்படிச் செய்தால் பரவல் 1.25-ல் நிற்கும். முழுசாகத் திருத்தினால் 2.05. தொடவே இல்லைன்னா, இருபது பீஸுக்குப் பிறகு 2, நூறு பீஸுக்குப் பிறகு 6, இன்னும் ஏறிக்கிட்டே போகும்.

கவனிச்சீங்களா? அந்தத் தம்பியும் முழுக்கத் தப்பு இல்லை, அந்த அண்ணனும் முழுக்கச் சரி இல்லை. நூறு பீஸ் ஓட்டும் ஷிப்டில் தம்பி ஜெயிப்பார். பத்து பீஸ் ஓட்டும் ஜாபில் அண்ணன் ஜெயிப்பார். ஐந்தில் ஒரு பங்கு திருத்துபவர் ரெண்டு பேரையும் ஜெயிப்பார். 1960-ல் ருடால்ஃப் கால்மன் எழுதிய வடிகட்டியின் சாரம் இதுதான். புதுத் தகவலுக்கு எவ்வளவு மரியாதை, பழைய நம்பிக்கைக்கு எவ்வளவு மரியாதை என்று பிரிக்கிற தராசு அது. ராக்கெட்டிலும் செல்போன் ஜிபிஎஸ்ஸிலும் இருப்பது அதே தராசு.

இப்போ ரெண்டு பரிமாணத்துக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. லேத்தில் எக்ஸ், இசட் என்று ரெண்டு அச்சு. வழக்கமாக ரெண்டையும் தனித்தனிப் பிரச்சனையாகத்தான் பார்ப்பாங்க. எக்ஸ் பிசகினால் எக்ஸ் ஆஃப்செட், இசட் பிசகினால் இசட் ஆஃப்செட். ஆனால் மெஷின் நகர்வது சூட்டால் என்று வைங்க. சூடு ஏறினால் ரெண்டு அச்சும் சேர்ந்தே, ஒரே அளவில், ஒரே பக்கம் நகரும் என்றும் வைங்க. இரைச்சல் மட்டும் ஒவ்வொரு அச்சிலும் தனித்தனி. இப்போ மூணு பீஸ் வருது.

முதல் பீஸில் எக்ஸ் கூட்டல் பத்து, இசட் கூட்டல் பத்து. சேர்ந்து நகர்ந்த மாதிரி இருக்கு. ரெண்டிலும் ரெண்டு ரெண்டு மைக்ரான் திருத்து. ரெண்டாம் பீஸில் எக்ஸ் கூட்டல் பத்து, இசட் கழித்தல் பத்து. என்ன செய்யணும்? ஒண்ணுமே செய்யக் கூடாது! சூடு ரெண்டையும் எதிரெதிர்ப் பக்கம் நகர்த்தாது, ஆக இது சுத்த இரைச்சல். ரெண்டு அச்சிலும் பத்து மைக்ரான் பிசகு தெரியும்போது கையைக் கட்டிக்கிட்டு நிற்பதுதான் இங்கே சிறந்த கட்டுப்பாடு. சூப்பர்வைசரிடம் இதைச் சொல்லிப் பாருங்க! மூணாம் பீஸில் எக்ஸ் கூட்டல் பத்து, இசட் சரியாகப் பூஜ்ஜியம். விடை: ரெண்டு அச்சையும் ஒவ்வொரு மைக்ரான் திருத்து. இசட்டில் பிசகே தெரியலை, ஆனாலும் இசட்டைத் தொடணும். எக்ஸ் சொன்ன சேதியில் இசட்டைப் பற்றிய சேதியும் இருக்கு.

ஒரு பரிமாணத்தில் திருத்தம் என்பது ஒரு எண். பல பரிமாணத்தில் அது ஒரு அணி. எந்தத் திசையில் உலகம் உண்மையிலேயே நகரும், எந்தத் திசையில் வெறும் இரைச்சல் என்று அந்த அணிக்குத் தெரிந்திருக்கணும். தனித்தனியாகப் பார்த்தால் இது கண்ணில் படாது.

அடுத்த சிக்கல், திருத்தத்துக்கு ஆகும் செலவு. இதுவரை ஆஃப்செட் போடுவது இலவசம் மாதிரி பேசினேன். மெஷினை நிறுத்தணும், மாற்றணும், முதல் பீஸை மறுபடி அளந்து சரி பார்க்கணும் என்றால் ஒவ்வொரு முறையும் நேரம் போகுது. அப்போ சிறந்த விதியின் உருவமே மாறிடும். ஒரு எல்லை போட்டுக்கணும். மெஷின் எவ்வளவு நகர்ந்திருக்கும் என்ற நம்ம மதிப்பீடு எல்லைக்குள் இருக்கிற வரை தொடாதே. எல்லையைத் தொட்டவுடன் ஒரே தள்ளலில் நடுவுக்குக் கொண்டு வா. இங்கிலாந்தின் ஜான் பேதர் 1963-ல் தரக்கட்டுப்பாட்டு வரைபடத்தையே இப்படிச் செலவுக் கணக்காக மாற்றி எழுதினார். அவரே ஹெர்மன் செர்னாஃபுடன் சேர்ந்து 1967-ல் விண்கலத்தைத் திருப்புவதற்கும் இதே மாதிரி எல்லைக் கணக்கைப் போட்டார். பட்டறையும் விண்கலமும் ஒரே கணக்குதான்.

எல்லை எவ்வளவு அகலம்? நகர்வு சீரற்ற நடை, நஷ்டம் பிசகின் வர்க்கம் என்றால், எல்லையின் அகலம் நிறுத்தச் செலவின் நாலாம் மூலமாகத்தான் வளரும். அதாவது மெஷினை நிறுத்தும் செலவு 16 மடங்கு ஆனாலும் எல்லை ரெண்டு மடங்குதான் ஆகணும். “நிறுத்தினா ரொம்ப நஷ்டம் சார், அதனால லிமிட்டை நல்லா அகலமா விட்டுட்டோம்” என்று சொல்றவங்க பெரும்பாலும் தேவைக்கு மேலேயே அகலமாக விட்டிருப்பாங்க என்பது என் கணிப்பு.

ரெண்டு அச்சுக்கு எல்லை என்ன உருவம்? சதுரப் பெட்டின்னு தோணும்: எக்ஸுக்கு ஒரு வரம்பு, இசட்டுக்கு ஒரு வரம்பு. ரெண்டும் சம்பந்தமில்லாமல் சம அளவில் அலைஞ்சு, ஒரே நிறுத்தத்தில் ரெண்டையும் திருத்த முடியும் என்றால், சரியான உருவம் வட்டம். பெட்டியின் மூலைதான் நடுவிலிருந்து ரொம்பத் தூரம். ரெண்டு அச்சும் கொஞ்சம் கொஞ்சம் கெட்டு மூலையில் போய் நிற்கிற பீஸைப் பெட்டி பாஸ் பண்ணிவிடும், வட்டம் விடாது. நகர்வு ஒரு திசையில் அதிகம் என்றால் வட்டம் நீள்வட்ட மாதிரி இழுபடும்.

இதை நானே உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். அந்த வட்டத்தின் ஆரம், ஒரு அச்சு மட்டும் இருந்தால் வரும் எல்லையை விட 7 சதவீதம்தான் பெரிசு. ரெண்டு அச்சையும் தனித்தனியாக நிறுத்தி நிறுத்தித் திருத்தினால் நிறுத்தங்கள் ரெண்டு மடங்கு. சேர்த்துத் திருத்தினால் 1.73 மடங்கு. நஷ்டமும் நிறுத்தச் செலவும் சேர்ந்த மொத்தத்தில் சுமார் 13 சதவீதம் மிச்சம். பெரிய தொகையான்னு கேட்டால், ஒரு பீஸுக்குப் பைசாக் கணக்கில் விலை பேசுகிற ஜாப் ஒர்க் பட்டறைக்காரரைக் கேளுங்க.

சரி, ரெண்டு அச்சோடு நிற்குமா? ஒரு பீஸில் இருபது அளவுகள் இருக்கலாம். ஒவ்வொன்றும் 99 சதவீதம் சரியாக வருது, ஒன்றுக்கொன்று சம்பந்தமும் இல்லைன்னு வைங்க. இருபதும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க வாய்ப்பு 82 சதவீதம்தான். பரிமாணம் கூடக் கூட, நடுவில் இருப்பதே கஷ்டமாகிடும். சீரற்ற நடையே ஒரு வகையில் வெளியே தள்ளுது, ஏன்னா நடு என்பது ஒரே இடம், வெளியே போகத் திசைகள் ஏராளம். கட்டப்பட்ட கோடான தெருவிலோ சதுரச் சதுரமான ஊரிலோ தள்ளாடி நடப்பவர் என்றைக்காவது வீடு திரும்பியே தீருவார், மூணு பரிமாணத்தில் திரும்பாமலே போகலாம் என்று ஜார்ஜ் போயா 1921-ல் நிரூபித்தார். மூணு பரிமாணத்துக்கு மேலே சும்மா காத்திருந்தால் சரியாகிடும் என்ற நம்பிக்கைகூட இல்லை.

கணக்குப் போடுகிறவருக்கும் இது தொல்லைதான். 1950-களில் ரிச்சர்ட் பெல்மன் சொன்ன முறை அழகானது: ஒவ்வொரு நிலையிலும் ‘இங்கிருந்து இனி ஆகக்கூடிய மிகக் குறைந்த செலவு’ என்ற எண்ணைக் கண்டுபிடி, அப்புறம் அந்த எண் குறைகிற பக்கம் தள்ளு. ஒரு அச்சில் நூறு நிலைகள் என்றால் நூறு எண் போதும். ரெண்டு அச்சில் பத்தாயிரம். ஆறு அச்சில் லட்சம் கோடி. பெல்மன் இதைப் பரிமாணத்தின் சாபம் என்று அழைத்தார். இரைச்சல் மணிவடிவில் இருந்து, நஷ்டம் வர்க்கமாகவும், திருத்தம் இலவசமாகவோ வர்க்கச் செலவாகவோ இருந்தால் சாபம் நீங்கும், ஒரு அணிச் சமன்பாட்டில் விடை வந்துடும். மற்ற இடங்களில் தோராயம்தான்.

சென்னைக்காரர் ஒருவர் இங்கே வருகிறார். எஸ். ஆர். ஸ்ரீநிவாச வரதன், 1940-ல் சென்னையில் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் படித்துவிட்டு, கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்துக்குப் போனார். போனபோது அவர் மனசில் இருந்தது தொழிற்சாலைக்கு உதவும் புள்ளியியல், தரக்கட்டுப்பாடு போன்ற விஷயங்கள்தான் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். அங்கே கிடைத்த நண்பர்கள் அவரை நிகழ்தகவின் ஆழத்துக்கு இழுத்துக்கிட்டுப் போனாங்க. அப்புறம் நியூயார்க், 2007-ல் ஆபெல் பரிசு.

அவரும் டேனியல் ஸ்ட்ரூக்கும் 1969-ல் வெளியிட்ட வேலைக்கும் நம்ம கதைக்கும் நேரடித் தொடர்பு இருக்கு. சிறந்த கட்டுப்பாட்டு விதிகள் பல நேரம் வெடுக்கென்று மாறும்: கோட்டுக்கு இந்தப் பக்கம் முழு வேகத்தில் இடது, அந்தப் பக்கம் முழு வேகத்தில் வலது. அப்படி வெட்டி வெட்டி மாறும் தள்ளலுக்குக் கீழே அலையும் பொருளின் இயக்கம் கணிதத்தில் உருப்படியாக இருக்கா? ஒரே விதிக்கு ரெண்டு வெவ்வேறு விடை வந்தால் ‘சிறந்தது’ என்ற சொல்லுக்கே அர்த்தம் இல்லையே. எத்தனை பரிமாணமானாலும் சரி, எல்லாத் திசையிலும் இரைச்சல் இருந்து அது தொடர்ச்சியாக மாறினால், தள்ளல் எவ்வளவு துண்டுதுண்டாக இருந்தாலும், அளவுக்குள் இருக்கிற வரை இயக்கம் உண்டு, அது ஒன்றே ஒன்றுதான் என்று அவர்கள் காட்டினார்கள். இதில் விசித்திரம், இரைச்சல்தான் இங்கே காப்பாத்துது. இரைச்சலே இல்லாத உலகத்தில் அப்படி வெட்டி மாறும் விதிக்கு ஒரே விடை வரும் என்ற உத்தரவாதம் கிடையாது.

“இதையெல்லாம் பட்டறையில் யார் போடுவாங்க?” என்று கேட்பீங்க. கம்ப்யூட்டர் வேண்டாம். ஒரு கிராஃப் தாள் போதும். ஆஃப்செட்டைத் தொடாமல் முப்பது பீஸ் ஓட்டுங்க. ஒவ்வொரு பீஸுக்கும் எக்ஸ் பிசகைக் குறுக்கேயும் இசட் பிசகை நெடுக்கேயும் வெச்சு ஒரு புள்ளி, பக்கத்தில் பீஸ் நம்பர். புள்ளிகள் நம்பர் வரிசையில் ஒரு பக்கமாக ஊர்ந்து போகுதா, அப்போ அது மெஷினின் நகர்வு. அந்தத் திசையில் மட்டும், ஐந்தில் ஒரு பங்கோ நாலில் ஒரு பங்கோ திருத்துங்க. நம்பருக்குச் சம்பந்தமே இல்லாமல் உருண்டையாகச் சிதறிக் கிடந்தால் புனலைத் தொடாதீங்க. அந்தத் தாளை மெஷினுக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைங்க. சூப்பர்வைசர் வந்து ஏன் சும்மா நிக்கிறேன்னு கேட்டால், ஆபரேட்டர் கை காட்ட ஏதாவது ஒண்ணு வேணும் இல்லையா.